சுவரில் ஓட்டை போட்டுக் குளிர்காய்வது

எண்ணெய் பாய்லர் எண்ணெயில் ஓடுகிறது என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள் பாக்கியசாலிகள். அது ஓடுவது மின்சாரத்தில். எண்ணெயை உறிஞ்சித் தூறலாகத் தெளிக்க ஒரு பம்ப், காற்று ஊத ஒரு விசிறி, பற்றவைக்க ஒரு மின்பொறி, பற்றியதா இல்லையா என்று எட்டிப் பார்க்க ஒரு மின்கண், சூடான தண்ணீரை வீடு முழுக்கச் சுற்றவிட இன்னொரு பம்ப், இத்தனை பேரையும் மேய்க்க ஒரு சர்க்யூட் போர்டு. ஒயரில் கரண்ட் இல்லையென்றால் இந்த அலுவலகம் மொத்தமும் விடுப்பில் போய்விடும். வீட்டை எங்களுக்கு விற்றவர் இதைச் சொல்லவில்லை. வருஷா வருஷம் சர்வீஸுக்கு வந்து டீ குடித்துவிட்டுப் போகிறவரும் சொல்லவில்லை. 2024 டிசம்பர் 7ஆம் தேதி விடிகாலையில் டாரா புயல் வந்துதான் சொன்னது.

நாங்கள் இருப்பது மேற்கு வேல்ஸில், கெரடிகியன் மாவட்டத்தில், கார்டிகன் வளைகுடாவைப் பார்த்தபடி நிற்கும் ஒரு மேட்டில். மனிதர்களைவிட ஆடுகள் அதிகம். கேஸ் குழாய் இந்தப் பக்கம் தலைகாட்டியதில்லை. அதனால் வீட்டுக்கு வீடு பின்பக்கம் பச்சை நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் தொட்டி, அதற்குள் எண்ணெய். எண்ணெய் என்று கௌரவமாகச் சொல்கிறார்கள். உள்ளே இருப்பது மண்ணெண்ணெய்தான். ரேஷன் கடையில் கேனைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்று வளர்ந்தவன் நான். ஆயிரம் லிட்டர் மண்ணெண்ணெய்க்கு அதிபதி ஆவேன் என்று அன்றைக்கு யாராவது கைரேகை பார்த்துச் சொல்லியிருந்தால் காசைத் திருப்பிக் கேட்டிருப்பேன். அந்த ஆயிரம் லிட்டரும் கொல்லையில் தளும்பிக்கொண்டிருக்க, நானும் மனைவியும் மகளும் குல்லாய், கையுறை, ஷூ சகிதம் போர்வைக்குள் உட்கார்ந்து வாயால் புகை விட்டுக்கொண்டிருந்தோம்.

முன்னறிவிப்பில் குறை சொல்ல முடியாது. முந்தின நாள் மாலையே வேல்ஸிலும் தென்மேற்கு இங்கிலாந்திலும் ஏறத்தாழ முப்பது லட்சம் பேரின் செல்பேசிகள் சைரன் ஊதின. சிவப்பு எச்சரிக்கை, விடிகாலை 3 மணி முதல் காலை 11 மணி வரை, வீட்டை விட்டு வெளியே போகாதீர்கள். வீட்டுக்குள் எப்படி இருப்பது என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். வடக்கே கேப்பல் கியூரிக்கில் காற்று மணிக்கு 93 மைல் வேகத்தைத் தொட்டது. எங்கள் பக்கம் மரங்கள் மின்கம்பிமேல் சாய்ந்தன. கரண்ட் போனது போனதுதான்.

பக்கத்துப் பண்ணை வீட்டில் எண்பதைத் தாண்டிய ஒரு பாட்டியம்மா தனியாக இருக்கிறார். பாவம், என்ன ஆனாரோ, போய்ப் பார்த்து அழைத்து வரலாம் என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது அவரே வந்து கதவைத் தட்டி எங்களை அழைத்துக்கொண்டு போனார். அவர் சமையலறையில் ஒரு ரேபர்ன் எரிந்துகொண்டிருந்தது. 1946 முதல் பிரிட்டிஷ் கிராமத்து வீடுகளில் அசையாமல் குந்தியிருக்கும் வார்ப்பிரும்பு அடுப்பு. சமைக்கும், ரொட்டி சுடும், வெந்நீர் போடும், ஈரத்துணி காயவைக்கும், நாய்க்குப் படுக்க இடம் கொடுக்கும். மின்சாரம் என்று ஒன்று கண்டுபிடிக்கப்பட்டதே அதற்குத் தெரியாது. ரேபர்னுக்கு ஆகா என்று பணக்கார அண்ணன் ஒருவன் உண்டு. அதைக் கண்டுபிடித்தவர் குஸ்தாவ் தாலேன் என்கிற ஸ்வீடன்காரர். 1912இல் ஒரு வெடிவிபத்தில் பார்வையை இழந்தார். அதே ஆண்டு இயற்பியலுக்கான நோபல் பரிசும் வாங்கினார். 1922இல் இந்த அடுப்பை உருவாக்கினார். கண் தெரியாதவர் யோசித்துச் செய்தது நூறு ஆண்டாக எரிகிறது. மின்கண் வைத்துச் செய்த என் பாய்லருக்கு ஃபியூஸ் போனால் ஒன்றுமே தெரிவதில்லை.

பாட்டியம்மா கொடுத்த டீயைக் கையில் பிடித்தபடி என் மனைவி அந்த அடுப்பைப் பார்த்த பார்வை எனக்குப் பழக்கமானது. நாங்கள் வீட்டுக்கடன் வாங்கியதும் அப்படி ஒரு பார்வைக்குப் பிறகுதான்.

"என்னங்க, நாமளும் ஒரு விறகடுப்பு போட்டுருவோம்."

வெறும் விறகடுப்பு என்றால் கதை இங்கேயே முடிந்திருக்கும். முன்னறையில் வைத்து, புகைபோக்கிக்குள் ஒரு எஃகுக் குழாயை இறக்கினால் போதும். கரண்ட் இருந்தாலும் சுடும், இல்லாவிட்டாலும் சுடும். ஆனால் அவளுக்கு அது போதவில்லை. "ஒரு ரூம் மட்டும் சுட்டா மத்த ரூமுக்கெல்லாம் ஸ்வெட்டர் போட்டுக்கிட்டா போறது? ரேடியேட்டர் எல்லாம் ஏற்கெனவே சுவத்துல தொங்கிக்கிட்டுத்தானே இருக்கு. அதோட கொண்டு இணைச்சிர வேண்டியதுதானே?"

நியாயமான கேள்வி. இதற்கென்றே பாய்லர் அடுப்பு என்று ஒன்று விற்கிறார்கள். நெருப்புப் பெட்டியைச் சுற்றி இரட்டைச் சுவர், இரண்டுக்கும் நடுவே தண்ணீர். எரிகிற விறகு கொஞ்சம் சூட்டை அறைக்குக் கொடுக்கும், மிச்சத்தைத் தண்ணீர் வாங்கிக்கொண்டு ரேடியேட்டர்களுக்குப் போகும். நாங்கள் பார்த்துவைத்தது 12 கிலோவாட். 4 அறைக்கு, 8 தண்ணீருக்கு. படத்தைத் திருநெல்வேலியில் இருக்கும் அம்மாவுக்கு அனுப்பினேன். உடனே வீடியோ காலில் வந்துவிட்டாள்.

"எய்யா, இது நம்ம வீட்டு வெந்நி பாய்லர்லா!"

முற்றத்து மூலையில் நின்ற அந்தச் செம்புப் பாய்லரேதான். நடுவில் குழாய், அதில் கரி, சுற்றிலும் தண்ணீர், பக்கத்தில் ஒரு பித்தளைத் திருகு. "நாலு சிரட்டையப் போட்டா வீட்டுக்கே குளிக்க வெந்நி. இதுக்கு எதுக்குய்யா வெள்ளக்காரன் கையையும் காலையும் பிடிக்கணும்? ஒண்ணு மட்டும் கேட்டுக்கோ. தண்ணி ஊத்தாம தீயப் போட்டுராத, பத்து விட்டுரும். மூடிய இறுக்கிப் போட்டுராத, ஆவி போணும்." அடுப்போடு பிறகு வந்து சேர்ந்த கையேட்டை முழுக்கப் படித்தேன். படங்களையும் எச்சரிக்கை முக்கோணங்களையும் நீக்கிவிட்டால் அதில் இருந்ததும் இந்த இரண்டு வாக்கியம்தான்.

முதலில் எண்ணெய் பாய்லர்காரரைக் கூப்பிட்டோம். பிரிட்டனில் எந்தக் கைவினைஞரும் வேலையைப் பார்த்ததும் பேச மாட்டார். பல்லிடுக்கு வழியாகக் காற்றை உள்ளே இழுப்பார். அந்த இழுப்பின் நீளத்தை வைத்துச் செலவை ஓரளவு கணித்துவிடலாம். இவர் இழுத்த இழுப்பில் திரைச்சீலை ஆடியது. அடுத்து, இருக்கிற குழாய்களைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டு கேட்டார்: "இதையெல்லாம் யார் போட்டது?" நான் மருத்துவமனையில் வேலை பார்க்கிறவன். புது நோயாளி வந்து உட்கார்ந்ததும் பழைய மருந்துச் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதையெல்லாம் எந்த டாக்டர் எழுதினார்?" என்று நாங்கள் கேட்பதும் இதே குரலில்தான். அதனால் எனக்குக் கோபம் வரவில்லை. தொழில்முறை மரியாதைதான் வந்தது.

விறகு தன் துறை இல்லை என்றார் அவர். எண்ணெய்க்கு ஆஃப்டெக் பதிவு, கேஸுக்கு கேஸ் சேஃப் பதிவு, விறகுக்கும் கரிக்கும் ஹீடாஸ் பதிவு. மூன்றும் தனித்தனிப் பட்டியல். ஹீடாஸ்காரர் வந்தார். அடுப்பை வைப்பேன், புகைபோக்கிக்குக் குழாய் இறக்குவேன், தண்ணீரும் இணைப்பேன், ஆனால் எண்ணெய் பாய்லரின் மூடியைத் திறக்க மாட்டேன் என்றார். ஒயரைத் தொடுவது இருவருக்கும் ஆகாது, அதற்கு எலக்ட்ரீஷியன். ஓட்டை போட வேறு ஆள். புகைபோக்கியைச் சுத்தம் செய்ய இன்னொருவர். ஒரே வீட்டுக்குள் ஒரே தண்ணீரைச் சூடாக்க இத்தனை பேரும் ஒருவர் பங்கை ஒருவர் தொடாமல் வேலை செய்ய வேண்டும். எல்லோருக்கும் பொதுவாக இருந்தது டீ மட்டும்தான். ஏலக்காய் தட்டிப் போட்ட டீயை முதல் நாள் சந்தேகமாகப் பார்த்தவர்கள், பிறகு அது இல்லாமல் ஏணியில் ஏற மறுத்தார்கள்.

ஹீடாஸ்காரர் நல்ல மனிதர். கொஞ்சம் சோகமானவர். பல வீடுகளின் பரண்களைப் பார்த்துப் பார்த்து மனித இனத்தின்மேல் நம்பிக்கை இழந்தவர் போலிருந்தார். எங்களை உட்காரவைத்து நிதானமாக விளக்கினார்.

எண்ணெய் பாய்லர் சொன்ன பேச்சைக் கேட்கும். போதும் என்று தெர்மோஸ்டாட் சொன்னால் அந்த நொடியே நின்றுவிடும். விறகை நிறுத்த முடியாது. பம்ப் ஓடுகிறதா, வீட்டில் ஆள் இருக்கிறதா, கரண்ட் போய்விட்டதா என்பதெல்லாம் விறகுக்கு ஒரு பொருட்டே இல்லை. அள்ளிப் போட்டது சாம்பலாகும்வரை அது எரியும்; சுற்றியிருக்கிற தண்ணீரைச் சூடாக்கிக்கொண்டே இருக்கும். சூடு போக வழியில்லாவிட்டால் தண்ணீர் கொதிக்கும். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் 1,600 லிட்டருக்கு மேல் இடம் கேட்கும். எங்கள் எண்ணெய் பாய்லரோ அடைத்து மூடிய அமைப்பு. முள் ஒரு பார், ஒன்றரை பார் அழுத்தத்தில் நிற்கும். அதோடு நேரே இந்த அடுப்பைக் கோத்தால் என்ன ஆகும்?

"என்ன ஆகும்?" என்று என் மனைவி ஆர்வமாகக் கேட்டாள்.

அவர் பதில் சொல்லவில்லை. எங்கள் கூரையைப் பார்த்தார். பழைய வீடுகளில் கணப்புக்குப் பின்னால் பயன்படாமல் விட்டுப்போன பாய்லரை யாரும் கவனிக்காமல், குழாயை அடைத்துவிட்டு, முன்னால் நெருப்பு மூட்டியதால் வெடித்த சம்பவங்கள் இந்த நாட்டில் உண்டு. சுகாதார, பாதுகாப்பு நிர்வாகமே எச்சரிக்கை வெளியிட்டிருக்கிறது. அவர் கூரையைப் பார்த்தது அதற்காகத்தான் என்பது வீட்டுக்குள் இருந்த எல்லோருக்கும் புரிந்தது.

அதனால் முதல் ஏற்பாடு: அடுப்பின் தண்ணீர் வேறு, பாய்லரின் தண்ணீர் வேறு. இரண்டுக்கும் நடுவே அடுக்கடுக்காகத் துருப்பிடிக்காத எஃகுத் தகடுகள் வைத்த ஒரு பெட்டி. தகட்டின் இந்தப் பக்கம் அடுப்புத் தண்ணீர் ஓடும், அந்தப் பக்கம் ரேடியேட்டர் தண்ணீர் ஓடும். சூடு கைமாறும், ஒரு சொட்டுத் தண்ணீர் கலக்காது. சிறு புத்தகம் அளவுதான் இருக்கும். விலையைக் கேட்டபோது வெள்ளித் தகடோ என்று நினைத்தேன்.

இரண்டாவது ஏற்பாடு, அடுப்புத் தண்ணீருக்குப் பரணில் ஒரு திறந்த தொட்டி. அடுப்பிலிருந்து ஒரு தடிமனான செம்புக் குழாய் மேல்நோக்கியே ஏறி அந்தத் தொட்டியின் தலைக்குமேல் வளைந்து நிற்கும். நடுவில் வால்வு கிடையாது, அடைப்பு கிடையாது, எங்கும் இறக்கம் கிடையாது. கொதித்தால் ஆவி அதன் வழியே போகட்டும். தொட்டியும் கொதிநீரைத் தாங்க வேண்டும். சாதாரண பிளாஸ்டிக் இளகிவிடும். மூடிய இறுக்கிப் போட்டுராத என்று அம்மா சொன்னதைச் செம்பில் வடித்தால் இவ்வளவு ஆகிறது.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. பம்ப் நின்றுபோனால் சூடு போய்த் தங்குவதற்கு மாடியில் ஒரு ரேடியேட்டர். வெந்நீர் தானாக மேலே ஏறும், ஆறியது தானாகக் கீழே இறங்கும், பம்ப் வேண்டாம். 28 மில்லிமீட்டர் குழாய், சீரான ஏற்றம். முக்கியமான நிபந்தனை: அந்த ரேடியேட்டருக்குக் கையால் மூடுகிற திருகு இருக்கக் கூடாது. யாராவது, என்றைக்காவது, வியர்க்கிறது என்று மூடிவிட்டால் போச்சு. ஆக, வீட்டிலேயே மிகச் சூடான ரேடியேட்டர், யார் சொன்னாலும் கேட்காத ரேடியேட்டர், மாடிப்படி முடிகிற இடத்தில், யாரும் உட்காராத ஒரு நடையில் வந்து அமர்ந்தது.

மனைவி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். கடைசியில் அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அப்புறம், சுவத்துல ஒரு ஓட்டை போடணும்" என்றார்.

நான் தவறாகக் கேட்டுவிட்டேன் என்று நினைத்தேன். இல்லை. கட்டட விதிகளின் ‘ஜே’ பகுதி அப்படிச் சொல்கிறது. நெருப்புக்குக் காற்று வேண்டும். எங்கள் வீடு மாதிரி பழைய வீட்டில் 5 கிலோவாட்வரை இண்டு இடுக்கில் வருகிற காற்றே போதும். அதற்கு மேல் ஒவ்வொரு கிலோவாட்டுக்கும் 550 சதுர மில்லிமீட்டர் திறப்பு தேவை. 12இல் 5 போக 7. 7ஐ 550ஆல் பெருக்கினால் 3,850. கிட்டத்தட்ட ஒரு கிரிக்கெட் பந்தின் குறுக்களவில் வட்டமான துளை. அதற்கு மூடி போடக் கூடாது, கோடை குளிர் எந்நேரமும் திறந்தே இருக்க வேண்டும்.

"குளிருதுன்னுதானே அடுப்பு வாங்குறோம்?" என்றாள் மனைவி.

"ஆமாம்."

"அதுக்குக் குளிரை உள்ள விடணுமா?"

"ஆமாம்."

"அடுப்பு எரியாத நாள்லயும்?"

அவர் மறுபடியும் கூரையைப் பார்த்தார்.

எங்கள் வீட்டுச் சுவர் இரண்டடி தடிமன் உள்ள கற்சுவர். கட்டியவர்கள் கார்டிகன் வளைகுடாவின் காற்றை வெளியே நிறுத்துவதற்கென்றே கட்டியது. வைரப்பல் பதித்த துளைக்கருவியோடு வந்த இளைஞன் ஒரு நாள் முழுக்கப் போராடி அதைத் தோற்கடித்தான். உருளையாக வெளியே வந்த கல்லை மகள் தன் அறையில் வைத்துக்கொண்டாள். துளை வழியே வந்த முதல் காற்று மேஜைமேல் இருந்த ஹீடாஸ்காரரின் பில்லைத் தூக்கிக்கொண்டு போனது. அதன் நல்லெண்ணத்தைப் பாராட்டினேன், ஆனால் அவரிடம் நகல் இருந்தது.

இணைப்பு வேலை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தரைப் பலகைகள் எழுந்தன, தூசி பறந்தது, ஆர்டர் செய்த வளைவுக் குழாய் தவிர மற்றதெல்லாம் வந்தது. எலக்ட்ரீஷியன் மட்டும் கொஞ்சம் நினைவில் நிற்கிறார். எங்கள் வயரிங் எஸ் பிளானா ஒய் பிளானா என்று கேட்டார். எல்.ஐ.சி. ஏஜெண்ட்களிடம்கூட நான் அப்படி விழித்ததில்லை. குழாயில் ஒரு தெர்மோஸ்டாட். அடுப்புத் தண்ணீர் 60 டிகிரியைத் தொட்டதும் பம்ப் ஓடும். அப்போது எண்ணெய் பாய்லர் ஒதுங்கிக்கொள்ளும். அடுப்பு ஆறினால் அது மறுபடி வேலைக்கு வரும். அடுப்புக்குத் திரும்பி வருகிற தண்ணீரும் ரொம்பக் குளிர்ந்திருக்கக் கூடாதாம். குளிர்ந்தால் புகை உள்ளே படிந்து தாராக ஒட்டும். அதைத் தடுக்க ஒரு கலப்பு வால்வு. இதையெல்லாம் அவர் ஒரு காகிதத்தில் வரைந்து பாய்லர் அறைக் கதவில் ஒட்டிவிட்டுப் போனார். எத்தனையோ ஈ.சி.ஜி. பார்த்தவன் நான். அந்தப் படத்துக்கு முன்னால் இன்னும் மாணவன்தான்.

கடைசியாக ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரம். அடுப்பிலிருந்து 1 மீட்டருக்குக் குறையாமல், 3 மீட்டருக்கு மிகாமல். இதில் நகைப்பதற்கு ஒன்றுமில்லை. விறகடுப்பு வைக்கிற எவரும் முதலில் வாங்க வேண்டியது இதுதான். சான்றிதழ் வந்தது. பற்றவைத்தோம்.

அபாரமாக எரிந்தது. சுவருக்குள் குழாய்கள் தொண்டையைச் செருமின. தூரத்து அறை ரேடியேட்டர்கூட சுட்டது. மனைவி அறை அறையாகப் போய் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தாள். அவள் சுற்றி முடிப்பதற்குள் விறகு தீர்ந்திருந்தது.

இந்தக் கணக்கை முன்பே யாராவது சொல்லித்தந்திருக்கலாம். நன்றாகக் காய்ந்த விறகில் கிலோவுக்கு ஏறத்தாழ 4 கிலோவாட் மணி சக்தி. அடுப்பு அதில் முக்கால் பங்கைப் பிடித்துக்கொடுத்தால் 3. ஆக 12 கிலோவாட் வேண்டுமென்றால் மணிக்கு 4 கிலோ விறகு. சாயங்காலம் பற்றவைத்துப் படுக்கப் போகும்வரை எரித்தால், ஊருக்குப் போகும்போது விமானத்தில் அனுமதிக்கிற 23 கிலோப் பெட்டி ஒன்று சாம்பலாகிவிடும். ஒவ்வொரு இரவும் ஒரு பெட்டி. அதை நனையாத கொட்டகையிலிருந்து தூக்கி வருவது யார், சாம்பலை அள்ளுவது யார், கண்ணாடிக் கதவில் படிந்த கரியைத் துடைப்பது யார் என்பதெல்லாம் எங்கள் வீட்டில் பேசி முடிவு செய்யப்படவில்லை. எனக்குத் தெரிவிக்கப்பட்டது.

விறகு பற்றிய பேச்சு இந்த ஊர் ஆண்களுக்கு வானிலைக்கு அடுத்தபடி. ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். இங்கிலாந்தில் 2021 மே முதல் சிறு அளவில் ஈரவிறகு விற்பதே சட்டப்படி தவறு. வேல்ஸுக்கு அந்தச் சட்டம் இல்லை, ஆனால் அடுப்புக்கு எல்லை தெரியாதே. நானும் இரண்டு ஊசி வைத்த ஈரமானி ஒன்று வாங்கி, விறகு கொண்டுவருகிறவர் முன்னால் கட்டையைப் பிளந்து குத்திப் பார்க்கத் தொடங்கினேன். அவர் அதை அவமானமாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு கட்டையை ஒன்றோடொன்று தட்டிக் காட்டினார். டங் என்றால் காய்ந்தது, தட் என்றால் ஈரம். ஊசியும் அவர் காதும் ஒரே விடையைத்தான் சொன்னன. 2012இல் இந்த நாட்டில் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு பூஞ்சை நோயால் ஆஷ் மரங்கள் வரிசையாகச் செத்து விழுகின்றன. ஆஷ் நல்ல விறகு. எங்கள் வீடு சுடுவது ஒரு கொள்ளைநோயின் உபயத்தில் என்று நினைத்தால் கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது. குளிர் பூஜ்யத்துக்குக் கீழே போகும்போது உறுத்தல் குறைகிறது.

அந்த மாடி நடை ரேடியேட்டரால் எதிர்பாராத லாபம் ஒன்று. வேல்ஸ் குளிரில் இட்லி மாவு புளிக்காது; இத்தனை காலம் அதை ஓவனுக்குள் விளக்கெரியவிட்டுத் தாலாட்டிக்கொண்டிருந்தோம். இப்போது நடையில் வைத்தால் போதும். ஆனால் திருகில்லாத ரேடியேட்டர் ஆயிற்றே, போதும் என்று அதற்குச் சொல்ல முடியாது. முதல் தடவை மாவு பாத்திரத்தை விட்டு எழுந்து படிக்கட்டில் இறங்கத் தொடங்கியிருந்தது. மனைவி அதிலும் இட்லி ஊற்றினாள். பாட்டியம்மாவுக்கும் கொண்டுபோய்க் கொடுத்தோம். ரேபர்ன்மேல் வைத்து வாட்டி, வெண்ணெய் தடவிச் சாப்பிட்டார்.

பிறகு ஒரு ஜனவரி இரவில் காற்று அடித்துக் கரண்ட் போனது. எங்கள் முகத்தில் பயமே இல்லை. சொல்லப்போனால் காத்துக்கொண்டிருந்தோம். மனைவி மெழுகுவத்தி ஏற்றினாள். நான் கையைத் தேய்த்துக்கொண்டு ஒரு பெரிய கட்டையை எடுத்தேன். மகள் டார்ச் வெளிச்சத்தில் கையேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தவள், "அப்பா, போடாதீங்க" என்றாள்.

"ஏம்மா?"

"மின்தடை ஏற்பட்டால் புதிதாக விறகு இடக் கூடாது, காற்றுக் கதவை மூடி, நெருப்பைத் தானாக அணைய விடவும். இப்படித்தான் போட்டிருக்கு."

பம்ப் நின்றுவிட்டதல்லவா? தகட்டுப் பெட்டி சும்மா இருந்தது, அறை ரேடியேட்டர்கள் ஒவ்வொன்றாக ஆறின. அடுப்புக்குள் இருக்கிற தண்ணீர் தன் சூட்டை எடுத்துக்கொண்டு போக்கிடம் தேடியது. விதிப்படி அதற்கு இருந்த ஒரே போக்கிடம் மாடி நடை. ஆக, கரண்ட் போனாலும் குளிரக் கூடாது என்று வாங்கிய அடுப்பைக் கரண்ட் போனதால் அணையவிட்டுவிட்டு, நாங்கள் மூன்று பேரும் மாடிப்படியின் மேல்தட்டில் வரிசையாக உட்கார்ந்து திருகில்லாத ரேடியேட்டரில் முதுகைக் காய்ச்சிக்கொண்டிருந்தோம். கீழே அந்த 3,850 சதுர மில்லிமீட்டர் வழியே வேல்ஸ் உள்ளே வந்துகொண்டிருந்தது.

"பம்ப் எவ்வளவு கரண்ட் எடுக்கும்?" என்றாள் மனைவி இருட்டுக்குள்ளிருந்து.

"ஒரு பழைய குண்டு பல்பு அளவுகூட இருக்காது."

"அவ்வளவுதானா? அப்ப ஒரு இன்வெர்ட்டர் போட்டா என்ன?"

கீழே யாரோ மணியடித்தது போலிருந்தது எனக்கு. 2012 வாக்கில் தமிழ்நாட்டில் நாள்தோறும் மணிக்கணக்கில் கரண்ட் போய்க்கொண்டிருந்த காலத்தில் டீக்கடை முதல் திருமண மண்டபம் வரை எல்லோரும் செய்த காரியம். அம்மா வீட்டில் மாடிப்படிக்கு அடியில் இன்றும் அந்த பேட்டரி இருக்கிறது. அதற்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுவதற்கென்றே அவள் வெளியூர் எங்கும் போவதில்லை. ஆஃப்டெக், ஹீடாஸ், ‘ஜே’ பகுதி என்று இத்தனை பேர் இத்தனை மாதம் யோசித்தும் ஒருவர் வாயிலும் இன்வெர்ட்டர் என்ற பேச்சு வரவில்லை. கரண்ட் போகாத நாட்டில் படித்தவர்களுக்கு எப்படி வரும்?

எஸ் பிளான் எலக்ட்ரீஷியனையே மறுபடியும் கூப்பிட்டோம். பேட்டரியும் இன்வெர்ட்டரும் வந்து பாய்லர் அறையில் உட்கார்ந்தன. மெயினை அணைத்துக் காட்டினார். ஒரு சின்ன ‘டிக்’. பம்ப் ஓடிக்கொண்டே இருந்தது. மனைவியின் முகத்தில் அப்படி ஒரு ஒளி. ஏலக்காய் டீ கொடுத்தாள். அவர் கோப்பையோடு நின்று, தான் கதவில் ஒட்டிய படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். எண்ணெய் பாய்லரைப் பார்த்தார். பேட்டரியைப் பார்த்தார். பல்லிடுக்கு வழியாகக் காற்றை உள்ளே இழுத்தார்.

"உங்க எண்ணெய் பாய்லர் இருக்கே, பர்னர், பம்ப் எல்லாம் சேர்ந்து இருநூறு வாட் எடுத்தா அதிகம். இந்த பேட்டரியே அதை ஓட்டிரும். தொட்டி நிறைய எண்ணெய் வேற இருக்கு. அடுப்பு எதுக்கு வாங்கினீங்க?"

பாய்லர் அறை அமைதியாயிற்று. மனைவி அவர் கோப்பையை வாங்கிக்கொண்டாள். இன்னும் பாதி டீ இருந்தது. என் பக்கம் திரும்பித் தமிழில், "பணத்தைக் குடுத்து அனுப்பிவைங்க" என்றாள். பிறகு தாழ்ந்த குரலில், "அத்தைகிட்ட மட்டும் இதைச் சொல்லிராதீங்க."

முன்னறையில் மகள் வீடியோ காலில் சத்தம்போட்டுப் பேசிக்கொண்டிருந்தாள். "ஆச்சி, ஒரு விஷயம் கேட்டியா?"